விமலநாதன் வீட்டு மண்டபம்

"முன்கதவை மட்டும் கழற்ற முடியாது. மற்றதெல்லாம் உங்கள் விருப்பம்," என்றான் லூக்காஸ். மாவட்டத்தின் பழங்கட்டடப் பாதுகாப்பு அலுவலகத்தில் இருந்து வீடு பார்க்க வந்தவன்.

"நல்லது தம்பி" என்று விமலநாதன் அவனை அனுப்பியிருந்தால் விஷயம் அந்தக் கதவோடு முடிந்திருக்கும். ஆனால் அவருக்கு வாய் சும்மா இருக்காதே!

அந்த வாயால் வந்த வினைதான் எல்லாம். ஜேர்மனியில் வுப்பர்டால் நகருக்கு வெளியே ஒரு கிராமத்தில் இந்தப் பழைய மரச்சட்ட வீட்டைப் போன வருஷம் வாங்கினார். வாங்கிய நாளில் இருந்து போகிற கொண்டாட்டம் எல்லாவற்றிலும் ஒரே முழக்கம்.

"இனி ஆரும் மண்டபம் எடுக்காதேங்கோ. கீழ்ச்சுவரெல்லாம் இடிச்சு, மாபிள் பதிச்சு, வீட்டுக்குள்ளையே மண்டபம் கட்டுறன். குசினியையும் பெருப்பிச்சுக் கிடார அடுப்பு வைக்கிறன். சமையலை எங்கட சுலோஜனா பாத்துக்கொள்ளுவா!"

ஓசியில் மண்டபம் என்றால் சனம் கைதட்டாமல் என்ன செய்யும்? ஆனி மாதம் தம்பி மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு. நூற்றைம்பது பேருக்கு இந்த விலாசத்தையே கொடுத்துவிட்டார். மண்டபம் எழும்பாவிட்டால் இனி எந்தச் சபையில் போய் முகம் காட்டுவது?

அதனால் கதவையும் விட மனம் வரவில்லை.

"கதவு பழசில்லைத் தம்பி. நேற்றையான் சாமான். பாருங்கோ," என்று கத்தியால் வர்ணத்தைச் சுரண்டிக் காட்டினார்.

வர்ணத்துக்குக் கீழே பூவும் குருவியுமாகச் செதுக்கு வேலை வெளிக்கிட்டது. லூக்காஸ் மூச்சுவிடாமல் படம் எடுத்தான்.

"அருமை! கதவோடு முன்சுவரும் பாதுகாப்புப் பட்டியலில் சேர வேண்டும்."

விமலநாதனுக்கு வேர்த்தது. மனைவி சுலோஜனா ரீயும் றோல்சும் கொண்டுவந்து வைத்தாள்.

"இஞ்சேருங்கோ, போதும். பேசாமல் இருங்கோவன்."

"நீ உன்ர வேலையைப் பார்! உனக்கென்ன தெரியும்?" என்று சீறிவிட்டு, லூக்காஸை உள்ளே இழுத்துக்கொண்டு போனார். "இந்தப் படிக்கட்டு உக்கிப்போச்சு. ஆபத்து. இடிச்சே ஆகவேணும். இஞ்சை பாருங்கோ!"

நிரூபிப்பதற்காகத் தொம்மென்று குதித்தார். பலகை முறிந்து தொடைவரை உள்ளே போனது. தூக்கிவிட வந்த லூக்காஸ் அவரை அப்படியே விட்டுவிட்டு, ஓட்டைக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தான்.

"கடவுளே! கீழே செங்கல் வளைவோடு ஒரு நிலவறை! இது யாருக்குமே தெரியாது!"

கிணறு வெட்டப் பூதம் வெளிக்கிட்ட கதைதான். கீழ்த்தளம் முழுவதும் பாதுகாப்புக்குள் போனது. இவர் காலை இழுத்தெடுத்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். அப்போதாவது வாயை மூடினாரா?

"சரி, வீட்டை நீங்களே வைச்சிருங்கோ. நான் பின்னுக்கு இருக்கிற பன்றிக்கொட்டிலை இடிச்சிட்டு அங்கை கட்டுறன்."

லூக்காஸ் திரும்பினான். "பன்றிக்கொட்டிலா? எங்கே?"

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி! கொட்டிலைக் கண்ட பெடியனுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மாவட்டத்தில் இப்படி முழுசாக மிஞ்சியது இது ஒன்றுதானாம்.

விமலநாதனின் கோபம் நேரே அம்புறோஸ் மேல் திரும்பியது. டுசல்டோர்ஃபில் கொண்டாட்டங்களுக்கு மண்டபம் வாடகைக்கு விடுகிறவன். போனை எடுத்தார்.

"அம்புறோஸ்! உன்ர மண்டபத்துக்கு ஆக்கள் வரமாட்டினம் எண்டுதானே என்னைப் பற்றிப் பழங்கட்டட அலுவலகத்துக்குப் பெட்டிசம் எழுதிப் போட்டனி?"

"உனக்கென்ன விசரே? உன்ர வீடு எங்கையெண்டே எனக்குத் தெரியாது."

"பொய்! எரிச்சல் பிடிச்சவனே! உன்ர மண்டபத்தை நீயே வைச்சுக் கும்பிடு!"

"அப்ப ஆனிக்கு இஞ்சால் பக்கம் வந்திடாதை. உனக்கு மண்டபம் தரமாட்டன்," என்று அம்புறோஸ் போனை வைத்தான்.

வீட்டிலும் மண்டபமில்லை, வாடகைக்கும் மண்டபமில்லை. நூற்றைம்பது பேரையும் பன்றிக்கொட்டிலிலா இருத்துவது? விமலநாதன் முறிந்த படியில் குந்தித் தலையில் கை வைத்தார். வாழ்க்கையில் முதல்தடவையாக அவருக்குப் பேச ஒன்றும் வரவில்லை.

லூக்காஸ் கடைசி றோல்சையும் வாயில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தான். சுலோஜனாவுக்குப் பணிவாகக் கை கொடுத்தான்.

"திருமதி விமலநாதன், எங்களைக் கூப்பிட்டதற்கு மிக்க நன்றி. நீங்கள் ஃபோனில் கேட்டபடி குசினியையும் சேர்த்துவிட்டேன், அந்தப் பெரிய அடுப்பை இனி அங்கே யாராலும் வைக்க முடியாது."