ஆகாயத்தால பாத்தா பக்கம்

ஆகாயவழிக்காரர் என்றொரு மனித வகை உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை மெல்பேர்னாம் என்று யாராவது வாய்தவறிச் சொன்னால் போதும், கூடியிருந்து உண்ணும் புரியாணிச் சஹன் தட்டுக்கு நீட்டிய கையை அந்தரத்தில் நிறுத்திவிட்டு, கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து மெல்பேர்ன் எத்தனை கிலோமீற்றர், நேரே பறந்தால் எத்தனை மணித்தியாலம், சிங்கப்பூரில் இறங்கி ஏறினால் எத்தனை என்று ஒப்புவித்து முடித்த பிறகுதான் சோற்றைத் தொடுவார். யார் கேட்டது? ஒருவரும் கேட்கவில்லை.

வத்தேகம ரஸீன் ஹாஜியார் இதில் முதல் தரம். கண்டியில் புடவைக்கடை. விமானம் ஏறியது ஹஜ்ஜுக்கு மட்டும். ஆனால் விமானங்கள் ஊர்வதைக் காட்டும் போன் வரைபடத்தில் அவர் பின்தொடராத விமானமே இல்லை.

மகள் ஸனா தோஹாவிலிருந்து கைக்குழந்தையோடு வரும் நாள் வந்தது. பேரனை இங்கே யாரும் இன்னும் நேரில் கண்டதில்லை. மனைவி பஸ்லினா காலையிலேயே அபாயா உடுத்து வாசலில் நின்றார். வேன் சாரதி மோகனராஜும் அவசரப்பட்டான்.

"மொதலாளி, கடுகண்ணாவ பக்கம் மழையாம். இப்பவே போயிருவோங்க."

"பொறுங்க தம்பி. பிளைட் இன்னும் மஸ்கட்டுக்கு மேல ஈக்கி. இப்ப போய் அங்க என்னத்த செய்ற?"

விமானம் பம்பாய்க்கு நேரே வந்ததும்தான், "ஏறுங்க!" என்று உத்தரவு பிறந்தது. வானத்தில் அவர் கணக்கு இம்மியும் பிசகவில்லை. தரையில்தான், கடுகண்ணாவ மலைப்பாதை வளைவில் ஒரு லொறி குறுக்கே படுத்திருந்தது.

வேன் நகரவில்லை. விமானம் நகர்ந்தது. கொச்சியைத் தாண்டியது, கடலைத் தாண்டியது, கட்டுநாயக்கவில் இறங்கியது. ஹாஜியார் கைதட்டினார். வேனில் வேறு யாரும் தட்டவில்லை.

சற்று நேரத்தில் ஸனா போன் எடுத்தாள். "வாப்பா, எங்க ஈக்கிறீங்க? புள்ள அழுவுறான்."

"கிட்டத்தான் மகள். ஆகாயத்தால பாத்தா பக்கம்."

"ஆகாயத்தாலயா நாங்க போறம்?" என்றார் பின்சீற்றிலிருந்து பஸ்லினா.

பதில் சொல்வதற்குள் போன் அணைந்தது. காலையிலிருந்து ஒரு விமானத்தையே இழுத்து வந்த களைப்பு அதற்கு. வேனில் சார்ஜர் இல்லை. பஸ்லினாவின் போன் வீட்டு அலுமாரி மேல். மோகனராஜ் தன் போனை நீட்டினான்.

"மக நம்பரச் சொல்லுங்க மொதலாளி."

உலகத்து ஊர்த் தூரமெல்லாம் மனப்பாடமாய் வைத்திருந்த ஹாஜியார் வைப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளின் நம்பர் அவருக்குத் தெரியாது.

ஒருவழியாக விமான நிலையம் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஸனா இல்லை. காத்துக் காத்து அலுத்து டெக்சி பிடித்துவிட்டாள். இவர்கள் வத்தேகம திரும்ப மஃரிப் தொழுகை நேரம் ஆகிவிட்டது. பேரன் பக்கத்து வீட்டு சஞ்சீவனி டீச்சரின் மடியில் குதித்துக்கொண்டிருந்தான். முதல் முத்தம் அந்த வீட்டுக்குப் போயிருந்தது.

பஸ்லினா பாய்ந்துபோய் அள்ளிக்கொண்டார். ஹாஜியாரும் கையை நீட்டினார். பயல் தாடியைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தான். கண் கலங்க மகள் பக்கம் திரும்பினார்.

"மகள், பம்பாய்க்குக் கிட்ட பிளைட் கொஞ்சம் வளைஞ்சிச்சே, அது என்னத்துக்கு?"

சிரியுங்கள், சிரியுங்கள். ஆனால் தோஹாவிலிருந்து கட்டுநாயக்கவுக்கு எத்தனை மணித்தியாலம் என்று இவ்வளவு நேரம் வாசித்தும் சொல்லப்படவில்லையே என்று உள்ளே ஓர் அரிப்பு இருக்கிறதா இல்லையா? இருந்தால், கையிலிருக்கும் போனை மெல்லக் கீழே வையுங்கள்.