ஒரு விரிப்புக்குப் பதினோரு நொடி

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் எழுதிக்கொள்வது. நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் சுகம், முதலாளியும் சுகம், ஒன்றாம் மெஷினும் மூன்றாம் மெஷினும் சுகம். இரண்டாம் மெஷினைப் பற்றியும், மடிப்பு மேசையில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் விரலைப் பற்றியும், ஆஸ்பத்திரி மூன்றாம் வார்டில் இருக்கும் ஒரு பெரியவரின் பல்செட்டைப் பற்றியும்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியிலேயே "எழுத்துல குடு" என்பீர்கள், அதனால் எழுத்திலேயே கொடுக்கிறேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான். அழுக்குத் துணியை உதறி ஊசி பொறுக்கிய எங்கள் ஊசி அக்காவைத் திரும்ப வேலைக்கு எடுக்க வேண்டும் என்று உங்கள் கையெழுத்தோடு ஒரு தாள், திங்கட்கிழமைக்குள்.

உங்களை எங்கள் சலவைக் கூடத்துக்குக் கூட்டி வந்தவனே நான்தான், அதை மறக்கவில்லை. நீங்கள் எட்டு மாதமாக வேலையில்லாமல் வீட்டில் இருப்பதாகவும், பிள்ளைகள் குளிக்கும் நேரத்தைக் கடிகாரம் வைத்து அளப்பதாகவும், அவள் வெங்காயம் நறுக்கும்போது பின்னால் நின்றுகொண்டு, பலகையை ஒரு சாண் இடப்பக்கம் நகர்த்தினால் வருடத்துக்கு ஒன்றரை நாள் மிச்சமாகும் என்று சொல்வதாகவும் அக்கா போனில் அழுதாள். "எங்கயாவது இவரைச் சேத்து விடுடா, இல்லேன்னா நான் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு உன் வீட்டுக்கே வந்துடுவேன்" என்றாள். என் வீட்டில் இருப்பது ஒரே அறை. ஆகவே மறுநாளே முதலாளியிடம் போய், என் மாமா செலவைக் குறைப்பதில் பெரிய கை, அவர் கால் வைத்த இடத்திலெல்லாம் மிச்சம்தான் என்று சொன்னேன். நீங்கள் கால் வைத்தது உங்கள் வீட்டுச் சமையலறையில் மட்டும்தான் என்பதைச் சொல்லவில்லை.

நீங்கள் வந்து இரண்டு நாள் முக்காலியில் உட்கார்ந்தீர்கள், கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கியது. ஆஸ்பத்திரியின் அழுக்குத் துணியை வாங்குவது, உதறிப் பார்ப்பது, துவைப்பது, இஸ்திரி போட்டு மடிப்பது, கொண்டுபோய்க் கொடுப்பது என்று எங்கள் பிழைப்பை ஐந்து கட்டமாகப் பிரித்துச் சுவரில் ஒட்டினீர்கள். இரண்டாவது கட்டம் முழுக்க ஊசி அக்கா. பதினோரு வருடமாக அதே மேசை. வரும் ஒவ்வொரு படுக்கை விரிப்பையும் விரித்து, உதறி, நான்கு ஓரத்தையும் தடவிப் பார்ப்பார். ஊசி, கத்தரி, தெர்மாமீட்டர், மோதிரம், ஒருதரம் அடித்துக்கொண்டே இருந்த ஒரு போன், எல்லாம் அவருடைய வாளியில் விழும். நீங்கள் அளந்தீர்கள். ஒரு விரிப்புக்குப் பதினோரு நொடி. நாளைக்கு ஆயிரத்து எண்ணூறு விரிப்பு. ஐந்தரை மணி நேரம். வாளியைக் காலால் லேசாகத் தள்ளி என்னைக் கேட்டீர்கள்:

"இதைத் தேடி எடுக்கிறதுக்கு ஆஸ்பத்திரி தனியாக் காசு தருதா?"

"இல்ல மாமா."

"அப்போ நாம எதுக்கு சும்மா தேடிக் குடுக்கணும்?"

என்னிடம் பதில் இருந்தது. ஆனால் பக்கத்தில் நின்ற முதலாளி தலையாட்டிவிட்டார். முதலாளி தலையாட்டிய பிறகு என் பதில்களெல்லாம் எச்சிலோடு உள்ளே போய்விடும், அது என் பழைய வியாதி. ரிப்போர்ட்டில் இரண்டாவது கட்டத்துக்குச் சிவப்பு மை பூசி, 'வாடிக்கையாளர் விலை கொடுக்காத வேலை' என்று எழுதினீர்கள். கீழே 'பிரிவுப் பொறுப்பாளர் ஒப்புதல்' என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். போட்ட கையோடு ஊசி அக்காவைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வேலை இல்லை என்று சொல்லவும் வேண்டியதாயிற்று. அவர் அழுவார், நான் ஆறுதல் சொல்லலாம் என்று தயாராக நின்றேன். அவர் கையுறையைக் கழற்றி, உள்பக்கத்தை வெளியே இழுத்து உதறிவிட்டு, "இதைத் திருப்பிக் குடுத்துட்டுப் போகணுமா தம்பி, இல்ல இது உங்க மாமாவோட மிச்சத்துல ஏற்கெனவே சேந்துடுச்சா?" என்று கேட்டார். திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றுதான் விதி. வாங்கிக்கொண்டேன்.

முதல் வாரம் பல்செட். மூன்றாம் வார்டுப் பெரியவர் தலையணை உறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறார். அது எங்களிடம் வந்து, வெந்நீரில் புரண்டு, உலர்ந்து, இஸ்திரி உருளையை எப்படியோ ஏமாற்றிவிட்டு, அழகாக மடித்த உறைக்குள் பிரசவ வார்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பிள்ளை பெற்று ஆறு மணி நேரமான ஒரு பெண் தலையணையைச் சரிசெய்யக் கையை விட்டிருக்கிறாள். அவள் போட்ட சத்தத்துக்கு டாக்டர் ஓடி வந்தாராம். பெரியவர் மட்டும் சந்தோஷமாக இருக்கிறார், பல் முன்னைவிட வெளுத்துவிட்டதாம். இரண்டாவது வாரம் ஒரு கத்தரி இரண்டாம் மெஷினுக்குள் போய், டிரம்மின் ரப்பரைச் சுற்றளவு முழுக்கக் கிழித்தது. முழங்கால் தண்ணீரில் நின்று மெக்கானிக் அதை வெளியே எடுத்து, "நல்ல கத்தரி, இன்னும் மழுங்கவே இல்ல" என்று பாராட்டிவிட்டு, பத்து நாள் ஆகும் என்றார். அந்தப் பத்து நாளும் பாதித் துணியை வெளியே இன்னொரு சலவைக் கூடத்துக்கு அனுப்பினோம். அங்கே, மாமா, உதறிப் பார்க்க இரண்டு பேர் இருக்கிறார்கள். துணியோடு ஒரு சின்னப் பையில் ஊசிகளைக் கட்டி, 'பொருள் அகற்றும் கட்டணம்' என்று தனி பில்லும் அனுப்பினார்கள். ஊசி அக்காவின் சம்பளத்தைப் போல இரண்டரை மடங்கு. உங்களுக்குப் போன் செய்தேன். அது வெளிச்சேவைச் செலவு, வேறு தலைப்பில் வரும், உதறும் செலவில் நாம் கண்ட மிச்சம் அப்படியே இருக்கிறது, கவலைப்படாதே என்றீர்கள். நான் கவலைப்படாமல் இருக்க முயன்றேன்.

மூன்றாவது வாரம் மடிப்பு மேசைப் பெண்ணின் விரலில் ஊசி ஏறியது. கைக்குழந்தைக்காரி. டாக்டர் இப்போது ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்திருக்கிறார், மூன்று மாதம் கழித்து இன்னொன்று. பயப்பட ஒன்றும் இருக்காது, குழந்தையைத் தூக்கலாம், கொஞ்சலாம் என்று அவர் சொல்லியும் அவள் தூக்குவதில்லை. தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்துக்கொண்டு, மாமியார் பிள்ளைக்குப் பால் புகட்டுவதை வாசற்படியில் நின்று பார்க்கிறாளாம். டாக்டரிடம் போன அரை நாளுக்கு முதலாளி சம்பளம் பிடித்துவிட்டார். உங்கள் மாதாந்தர அறிக்கையில் இது 'தற்செயல் நிகழ்வு: ஒன்று' என்று வந்திருக்கிறது.

நோயைக் கிளம்பும் இடத்திலேயே தடுக்க வேண்டும், ஆஸ்பத்திரியே ஒழுங்காக உதறி அனுப்பட்டும், போய்ப் பேசு என்று அன்று சொன்னீர்கள். போனேன். வார்டுகளுக்கெல்லாம் தலைமை நர்ஸாக இருக்கும் அம்மா நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். வார்டிலும் துணியை உதறிக் கட்ட நான்கு உதவியாளர்கள் இருந்தார்களாம், ஒரு செலவு ஆலோசகர் வந்து நிறுத்திவிட்டாராம். அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். ஐந்து கட்டம், இரண்டாவதில் சிவப்பு மை. 'சலவைக் கூடத்தில் இதற்கென ஆள் இருப்பதால் வார்டில் தேவையில்லை.' கீழே உங்கள் கையெழுத்து. எங்கள் சுவரில் இருக்கும் தாளில், 'ஆஸ்பத்திரியிலேயே உதறி அனுப்புவதால் இங்கே தேவையில்லை.' அதன் கீழேயும் உங்கள் கையெழுத்து. இரண்டுக்கும் நடுவில் ஒன்பது நாள். ஆஸ்பத்திரி வேலையும் உங்களுக்குக் கிடைத்ததை அக்காகூடச் சொல்லவில்லை. ஒரே ஊசியை இரண்டு இடத்தில் மிச்சம் காட்டி, இரண்டு இடத்திலும் கட்டணம் வாங்கிய ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை. "அவரு உங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்று அந்த அம்மா கேட்டார். பார்த்திருக்கிறேன் என்றேன்.

திங்கட்கிழமை எங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று ஆஸ்பத்திரி முடிவு செய்கிறது. போனால் பதினான்கு பேர் தெருவில். முதலாளியிடம் ஊசி அக்காவைக் கூப்பிடலாம் என்றேன். "ஆலோசகர் சொன்னதைச் செஞ்சேன். அவரே மாத்தி எழுதட்டும், கூப்பிடறேன். நானா கூப்பிட்டா அவருக்குக் குடுத்த பணம் தண்டம்னு ஆகிடும்ல?" என்கிறார். அதனால்தான் கேட்கிறேன். தப்பாகிவிட்டது என்று எழுத வேண்டாம், அந்த வார்த்தை உங்களுக்கு வராது. 'மறுபரிசீலனை' என்று எழுதினால் போதும். எழுதவில்லையென்றால் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து இரண்டு முதலாளிகளுக்கும் அனுப்புவேன். அக்காவின் கணவர் என்று பார்க்க மாட்டேன். அந்தப் பெண் வாசற்படியில் நிற்பதற்கு என் கையெழுத்தும் ஒரு காரணம்.

அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகள் விரும்பும் நேரம்வரை குளித்து, நோய்நொடியில்லாமல் வளரட்டும். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் முதலாளி கூப்பிட்டார். உங்கள் இரண்டாவது ரிப்போர்ட் வந்துவிட்டதாம். 'முன்சோதனைப் பிரிவு' என்று புதிதாக ஒன்று தொடங்கச் சொல்லியிருக்கிறீர்கள், ஒவ்வொரு விரிப்பையும் துவைப்பதற்கு முன் உதறிப் பார்ப்பதற்காக. அதற்கு விரிப்புக்கு இவ்வளவு என்று ஆஸ்பத்திரி தனியாகத் தரச் சம்மதித்துவிட்டது, ஒப்பந்தமும் புதுப்பித்தாயிற்று. பிரிவுக்குப் பொறுப்பாளராக என் பெயரை எழுதியிருக்கிறீர்கள். தனி அறை, சம்பள உயர்வு. படித்தேன், மிக நல்ல ரிப்போர்ட். மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். எழுதிய தாள் வீணாகக் கூடாது என்றுதான் இதன் அடியிலேயே எழுதி அனுப்புகிறேன். ஊசி அக்காவை நாளை ஒன்பது மணிக்கு நேர்முகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். புதிய பிரிவு என்பதால் புதிய ஆளாக, ஒப்பந்தக்காரர் மூலம், தினக்கூலியில். விண்ணப்பத்தில் 'முன் அனுபவம்' என்று ஒரு கேள்வி இருக்கிறது. உண்டு என்று எழுதினால் பழைய சம்பளம் தர வேண்டிவரும் என்பதால், 'இல்லை' என்று நானே அவருக்காக நிரப்பி வைத்துவிட்டேன்.