டென்னி ஹாலத்தின் ஏழு கிட்டார்கள்

வாசிக்கிறவர் என்று ஒரு இனம் உண்டு. கேட்கிறவர் என்று ஒரு இனம் உண்டு. இந்த இருவருக்கும் நடுவில், இருவருக்கும் உபயோகப்படாமல், மூன்றாவதாக ஒரு இனம் உலவுகிறது: எது என்று சொல்கிறவர். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்; நீங்கள் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருப்பீர்கள்; பக்கத்தில் ஒரு தொண்டை செருமும். "இது எந்த பேஸ் கிட்டார்ல வாசிச்சது தெரியுமா?" முடிந்தது. இனி உங்களுக்குப் பாட்டு கிடையாது. விளக்கம்தான்.

வில்லன்ஹால் ஊரில் இந்த இனத்தின் தலைமைப் பிரதிநிதி நார்மன் பார்ஜெட்டர். பூட்டுத் தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருடம் பரிசோதகராக இருந்து, நல்ல பூட்டுகளையெல்லாம் சரியில்லை என்று திருப்பி அனுப்பி ஓய்வு பெற்றவர். அவருடைய தெய்வம் டென்னி ஹாலம். எழுபதுகளில் 'நீராவி' குழுவில் பேஸ் கிட்டார் வாசித்து, பக்கத்து ஊரிலேயே பிறந்து, மூத்தோர் இல்லத்தில் கஞ்சி குடித்துச் செத்துப்போன மனிதர். டென்னி தம் வாழ்நாளில் மேடையேற்றிய பேஸ் கிட்டார்கள் ஏழு. நார்மன் வீட்டு மாடியறையில், மகள் கல்யாணமாகிப் போன மறுவாரமே கட்டிலைக் கழற்றிவிட்டு, ஏழுக்கும் அச்சு அசலாக ஒவ்வொன்று வாங்கி மாட்டிவைத்திருக்கிறார். அதே வருடம், அதே மரம், அதே நிறம்.

ஒவ்வொன்றுக்கும் பெயர் வேறு. தலையில் சிகரெட் சுட்ட வடு உள்ளது 'கருகல்'. வெள்ளையாக வந்து பழுத்த எலுமிச்சை நிறமாகிவிட்டது 'பால்காரி'. கழுத்திலுள்ள கம்பிக் கட்டைகளை டென்னி கோபத்தில் பிடுங்கியெறிந்தது 'மொட்டை'. 'பச்சை' பச்சையாகவே இருக்கும். கழுத்து முறிந்து பசையில் நிற்பது 'ஒட்டு'. எட்டுத் தந்தி போட்டுக்கொண்டு யாருக்கும் அடங்காதது 'மாமியார்'. டென்னியின் கருகலில் இருக்கும் வடு தம்முடையதிலும் வேண்டும் என்பதற்காக, வாழ்நாளில் புகைக்காத நார்மன், டென்னி புகைத்த அதே சிகரெட்டைத் தேடி வாங்கி, இருமி இருமிப் பற்றவைத்து, அளவுகோல் வைத்துச் சுட்டார். முழங்கை உராய்ந்த இடத்துக்கு உப்புத்தாள். பக்கவாட்டுச் சிராய்ப்புக்குச் சாவிக்கொத்து. இத்தனையும் செய்தவர் வாசிக்க மட்டும் மாட்டார். வாசித்தால் தேய்ந்துவிடுமாம்!

ஒரு சனிக்கிழமை பகல் ஒரு மணிக்கு ரே டாங்க்ஸ் வந்து கதவைத் தட்டினார். பதினாறு வயதில் நார்மனும் அவரும் ஒரே கிட்டாரை ஆளுக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொண்டு டென்னியின் பாட்டுகளைக் கற்றவர்கள். நார்மன் நிறுத்திவிட்டார், ரே நிறுத்தவில்லை. கையில் நடுக்கம் வந்தபிறகும் நிறுத்தவில்லை. ஆனால் மருத்துவர் சொல்லிவிட்டார், அடுத்த கோடைக்குள் வலது கை கரண்டி பிடிப்பதே பெரிய காரியம் என்று. அன்று மூன்று மணிக்குத் தொழிலாளர் மன்றத்தில் அவருடைய கடைசி வாசிப்பு. ஊரே வருகிறது.

"தோள்ல மாட்டுற பட்டை நழுவிடுச்சுடா நார்மன். என்னோடது கீழ விழுந்து கழுத்து ரெண்டா போச்சு. ஒண்ணு குடு. ரெண்டு மணி நேரம்தான்."

கவனியுங்கள், நார்மன் கருமி அல்ல. கருமியாக இருந்திருந்தால் ஒரே வார்த்தையில் முடிந்திருக்கும்.

"என்ன பாட்டு?"

"'கால்வாய்'தான். முன்னாடி தனி பேஸ் வருமே, அது."

"எந்தக் கால்வாய்? ரெக்கார்டுல வந்ததா, எழுபத்தேழுல மேடையில வாசிச்சதா?"

"எனக்குத் தெரிஞ்ச கால்வாய்டா."

"ரெக்கார்டுன்னா பச்சை. மேடைன்னா கருகல்னு ஒரு கட்சி. ஆனா ஒரு போட்டோ இருக்கு..." நார்மனின் பார்வை ரேயின் இடுப்பில் இறங்கியது. "பெல்ட்டைக் கழட்டிட்டு வாசிப்பியா? பெல்ட் பக்கிள் கீறல் டென்னியோட கிட்டார்ல இந்தப் பக்கம் கிடையாது."

"கழட்டினா பேன்ட் நிக்காதுடா!"

"சரி, நீ போ. சரியானதைப் பார்த்து நானே எடுத்துட்டு வரேன்."

ரே நம்பிப் போனார். நார்மன் பூதக்கண்ணாடியை எடுத்தார். பழைய படங்கள் கட்டில் இல்லாத அந்த அறை முழுவதும் பரவின. லீட்ஸிலிருக்கும் ஒரு எது-என்று-சொல்கிறவரைத் தொலைபேசியில் கேட்டார். பச்சை என்றார் அவர். நார்வேயில் இருப்பவரைக் கேட்டார். கருகல், பச்சை என்பவன் முட்டாள் என்றார். இரண்டு முட்டாள்களுக்கும் நடுவில் நார்மன் நடுநிலையோடு உட்கார்ந்திருந்தார்.

இரண்டே முக்காலுக்கு அவர் மனைவி கிளெனிஸ் கோட்டை மாட்டிக்கொண்டு மாடியேறி வந்தாள்.

"ஏதாவது ஒண்ணை எடுத்துட்டு வாயேன்ப்பா!"

"ஏதாவது ஒண்ணா?" என்றார் நார்மன். யாராவது ஒருத்தியைக் கட்டிக்கொள் என்று சொன்னதுபோல் அவர் முகம் சிவந்தது.

கிளெனிஸ் தனியாகப் போனாள். மன்றத்தில் எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பி, அவள் கைகளைப் பார்த்தன. வெட்கத்தில் அவள் கைகளைக் கோட்டுப் பைக்குள் செருகிக்கொண்டாள். மூன்றேகால் வரை ரே வாசலையே பார்த்தார். பிறகு பக்கத்துத் தெருப் போதகர் ஓடிப்போய், ஞாயிறுப் பள்ளிக்கூடத்து பேஸைக் கொண்டுவந்தார். ஊதா நிறம், மலிவிலும் மலிவு, உடம்பெல்லாம் சிரிக்கும் மீன் ஸ்டிக்கர்கள். ரே அதை மாட்டிக்கொண்டார். கை நடுங்கியது. முதல் சுற்றில் ஒரு தந்தி தப்பியது. இரண்டாவது சுற்றில் கை அடங்கியது, எப்படி என்று யாருக்கும் தெரியாது. பதினாறு சுற்று. பீர்க் கோப்பையை மேஜையில் வைக்கும் சத்தம்கூட இல்லை. கிளெனிஸ் ஃபோனில் பதிவு செய்துகொண்டே வாய்விட்டு அழுதாள்.

மூன்று ஐம்பதுக்கு நார்மன் வந்தார். வெள்ளைக் கையுறை, கையில் பெட்டி, பெட்டிக்குள் பச்சை. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"பச்சைதான்! சந்தேகமே இல்ல!" என்றார் வாசலிலிருந்தே.

கிளெனிஸ் ஃபோனை அவர் காதில் வைத்தாள். நார்மன் கண்ணை மூடினார். கேட்கக் கேட்கத் தலை ஆடியது. கண்ணோரம் நனைந்ததென்று அவரை வெறுப்பவர்களே சாட்சி சொல்கிறார்கள்.

"கருகல்!" என்றார். "டென்னியோட நிஜக் கருகல்! இந்த ஓசை வேற எதுலயும் வராது. யார்கிட்ட வாங்கினே ரே?"

ரே தாடையால் காட்டினார். மேடையில் மீன்கள் சிரித்துக்கொண்டிருந்தன.

நார்மன் ஊதாவைப் பார்த்தார். ஃபோனைப் பார்த்தார். "ஃபோன்ல ஏதோ கோளாறு" என்றார். பிறகு பெருந்தன்மையோடு, "அடுத்த தடவை ஒரு வாரம் முன்னாடியே சொல்லுடா, தேடி வெச்சிடறேன்" என்றார்.

"அடுத்த தடவையா?" என்றார் ரே. வலது கையை இடது அக்குளில் ஒடுக்கிக்கொண்டு நின்றார். கிளெனிஸ் அன்று நார்மனுடன் வீட்டுக்கு நடக்கவில்லை, ரேயின் மனைவியோடு போனாள். நார்மன் கையுறையைக் கழற்றாமல் பெட்டியைத் தனியாகச் சுமந்துகொண்டு போனார்.

இப்படியும் ஒரு ஜென்மமா என்றுதானே சிரிக்கிறீர்கள்? சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். ஏழு கிட்டார் என்று சொல்லிவிட்டு ஆறின் பெயரைத்தான் சொன்னேன். அங்கேயே விரல் மடக்கி எண்ணி, 'மாட்டிக்கொண்டாயா' என்று மனதுக்குள் என்னைப் பிடித்தீர்களா, இல்லையா? ஏழாவது எது என்று இந்த நிமிடம்வரை உறுத்திக்கொண்டிருக்கிறதா, இல்லையா?

ரேயின் கை இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்கத் தோன்றியதா?

தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடிக்கிறார். பாதி சட்டையில் கொட்டுகிறது. நீங்கள் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.