கொய்ங் செட்டியாரின் காது விசாரணை

பிரெஞ்சு இந்தியாவில் காது என்று ஒன்று இருந்தவர் எவரும் கொய்ங் செட்டியாரின் விசாரணைக்குத் தப்பியதில்லை. வில்லியனூர்த் தேர்வடம் பிடிக்க வந்த பிரெஞ்சு கவர்னர் மட்டும் விதிவிலக்கு; செட்டியாருக்கு அவர் பாஷை தெரியாது.

வில்லியனூர் கடைத்தெருவில் அவருக்கு மளிகைக்கடை. ஒரே சுவர், அந்தப்பக்கம் நெல் மில். மில் வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில். செட்டியாரின் காதில் 'கொய்ங்' வந்தது அதற்கடுத்த மாசி மகத்துக்குப் பிறகு. இந்த வரிசையை ஊர் கவனிக்கவில்லை. "யாரோ உங்கள நெனைக்கிறாங்க" என்றது.

மனைவியின் தம்பி வேறு முடிவுக்கு வந்தார். "மாமாவுக்குப் பைத்தியம். தேர் முடிஞ்சதும் பேயோட்டற எடத்துல உட்டுட்டு வரேன். கடைய நான் பாத்துக்கறேன்." கடைசி வாக்கியத்தில் குரல் தெளிவாக இருந்தது.

இதே சத்தம் கேட்கும் இன்னொருவர் கிடைத்தால் பைத்தியம் இல்லை என்றாகிவிடும். அதனால் புளி நிறுக்குமுன் செட்டியார் கேட்பார்: "இன்னாபா, ஒங்காதுல கொய்ங்குதா?" தங்களையும் பேயோட்ட வண்டியில் ஏற்றிவிடுவார்கள் என்று பயந்து எல்லோரும் மறுத்தார்கள்.

ஒப்புக்கொண்டவர் ஒரே ஒருவர். பிரான்சுக்குப் போய்ச் சண்டை போட்டுவிட்டு, பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த பழைய சிப்பாய்; ஊர்ப் பேச்சில் 'சொல்தா'. "பீரங்கிப் பக்கம் நின்னேன்பா. அன்னிலேர்ந்து கூவுது."

மச்சான் மசியவில்லை. "அவரு சண்டைக்குப் போனவரு. நீங்க பருப்புதானே மாமா நிறுத்தீங்க?"

ஊரோ, கூவுகிற காதுக்குத்தான் பென்ஷன் என்று புரிந்துகொண்டது. மறுநாள் தூரத்துச் செலியமேட்டிலிருந்துகூட ஆட்கள் காதைப் பொத்திக்கொண்டு வந்தார்கள். அவர்களில் ஒருவர் பிறவிச் செவிடர்.

காது கேட்கிற ஒருவரைச் செட்டியார் விசாரித்தார். "எந்தக் காதுல கூவுது?"

"எந்தக் காதுக்குக் குடுக்கறாங்களோ, அதுலதான் செட்டியாரே!"

மத்தியானம் மச்சான் தெருவில் நின்று கத்தினார். "கூவற காதுக்கு மேர் ஆபீசுல வரி போடப்போறாங்களாம்!" பொழுது சாய்வதற்குள் கொம்யூனைச் சேர்ந்த ஊர்கள் முழுக்கக் குணமாகிவிட்டன.

தேர் முடிந்தது. கடை வாசலில் வண்டி பூட்டி நின்றது. செட்டியார் சாவிக்கொத்தை எடுத்து மச்சானிடம் நீட்டினார். அப்போது, வருஷக்கணக்கில் மில் சுவரோரம் உட்கார்ந்து பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி முதல்முறையாக வாய் திறந்தார்.

"ஊரெல்லாம் கேட்டீங்களே, என்னக் கேட்டீங்களா? எனக்குந்தான் கூவுது. எல்லாருக்கும் அப்பிடித்தான்னு நெனச்சேன்."

பொய்க்காதுகளை நிறையப் பார்த்துவிட்ட செட்டியார் சந்தேகத்தோடு கேட்டார். "எந்தக் காதுல?"

"மில்லு பக்கத்துக் காதுலதான்."

வண்டி மச்சானை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது. செட்டியார் மனைவி உட்காரும் பலகையைத் தெருப்பக்கம் போட்டுவிட்டு, மில் சுவரோரம் தான் உட்கார்ந்துகொண்டார்.

இப்போதெல்லாம் என் காதிலும் எப்போதாவது 'கொய்ங்' என்கிறது. பக்கத்தில் யாரும் இல்லையென்றால், "ஆமா செட்டியாரே, கூவுது" என்று சொல்லிவிடுகிறேன்.