பதினோராம் நிமிடத்தில் ஒரு சங்கு

உலக இசை வரலாற்றை இனி எங்கள் மலையூர் நடுவட்டத்துக்கு முன், நடுவட்டத்துக்குப் பின் என்று பிரித்துத்தான் எழுதவேண்டும். சும்மா சொல்லவில்லை, அதில் நானும் பணியாற்றியிருக்கிறேன்.

பெங்களூரிலிருந்து ஆல்பம் பதிவுசெய்ய வந்த சசிதரன் சாரின் குழு வாசிப்பது ‘புரோக்ரசிவ் ராக்’. அதாவது முன்னேறிய இசை. ஒரு பாட்டு இருபத்திரண்டு நிமிடம் ஓடும். வார்த்தைகள் நான்கு வரி. பிறர் நான்கு எண்ணும் இடத்தில் டிரம்ஸ் நெல்சன் ஏழு எண்ணுவார். இலங்கைத் தோட்டங்களிலிருந்து எங்கள் ஆட்களை இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டு இந்தியாவுக்குக் கப்பலேற்றிய காலம்தான் ஆல்பத்தின் பொருள். ‘கொந்தளித்த காலம்’ என்று சொல்லும்போதெல்லாம் சசிதரன் சார் கண்ணை மூடிக்கொள்வார்.

தேயிலை விலை விழுந்து எங்கள் எஸ்டேட் பேக்டரி மூடிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. எனவே கலைக்கு இடைஞ்சல் எதுவுமில்லை. நிர்வாகம் பெருந்தன்மையோடு கட்டடத்தைக் கொடுத்தது. எட்டாவதோடு நின்றுவிட்ட என்னை மைக் பிடிக்கச் சேர்த்தார்கள்.

“இந்தப் புள்ள வாசுகி வாயே தொறக்காதுங்க” என்று பரிந்துரைத்தவர் வாட்ச்மேன் இருளப்பன். எனக்குக் கிடைத்த ஒரே தகுதிச் சான்றிதழ் அது.

ஒலிப்பதிவின் கடைசி நாள் காலை ஏழு மணிக்கு, பேக்டரி சங்கை ஊதச் சொன்னார் சசிதரன் சார்.

இருளப்பன் தலையைச் சொறிந்தார். “சங்கு ஊதுனா வேலைன்னு ஆளுக வந்துருவாங்களே சார்.”

“வரட்டும். அதுதான் வேணும்.”

“ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லிட்டு...”

“சொன்னா நடிச்சிடுவாங்க. நம்பிக்கை இயல்பா வரணும் இருளப்பன்.”

வாட்ச்மேனுக்குக் கலையின் நுணுக்கம் எங்கே தெரியும்? என்னைத் தொழிலாளர் லைன் வீடுகளுக்கு முன்னால் நிறுத்தினார்கள். தோளில் தொங்கிய ஒலிப்பதிவுக் கருவியில் சிவப்பு விளக்கு அணையும்வரை மூச்சுகூட விடக் கூடாது என்று உத்தரவு.

அங்கே திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலையாட்களை ஏற்றிப்போகும் வேன் நின்றிருந்தது. இரண்டு மாதம் அலைந்து அதில் ஓர் இடம் பிடித்திருந்தாள் என் அம்மா தெய்வம்மா. முதலில் அவள் போவது, பிறகு என்னைக் கூப்பிட்டுக்கொள்வது என்று ஏற்பாடு. தகரப்பெட்டியை வேனுக்குள் வைத்தாள். சங்கு ஊதியது. பெட்டியை வெளியே எடுத்தாள்.

“ஏனுங்கக்கா, நேரமாச்சு, ஏறுங்க” என்றார் டிரைவர்.

“நான் வரல தம்பி. பேக்டரி தொறந்துட்டாங்க, கேக்கலியா?”

“நல்லா விசாரிச்சுக்கங்க. உங்க எடத்துக்குப் பிக்கட்டி ஊர்ல ஆள் நிக்குது.”

“மனுசன் பொய் சொல்லுவான். சங்கு சொல்லுமா?” அம்மா என் பக்கம் திரும்பினாள். “நீ அங்கதானே இருக்க. தொறந்தாச்சுதானே?”

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் தொழிலுக்குத் துரோகம் செய்யவில்லை.

வேன் போய்விட்டது. நாற்பது பெண்கள் கூடையோடு பூட்டிய கேட்டை நோக்கி ஓடினார்கள். அந்தக் காலடிகள் ஏழின் கணக்கில் விழுந்ததாக நெல்சன் மெய்சிலிர்த்தார்.

ஆல்பம் வெளிவந்தது. ‘பதினோராம் நிமிடத்தில், சங்குக்குப் பின் ஒலிக்கும் பெண் குரல், ஏமாற்றப்படுவதே தெரியாத பழைய தலைமுறையின் வெகுளித்தனம். நல்லவேளை, அந்தக் காலம் முடிந்தது’ என்று ஒரு பத்திரிகை பாராட்டியது.

சசிதரன் சார் மறக்காமல் ஒரு பிரதி அனுப்பினார். கேட்க எங்களிடம் கருவி இல்லை. பேக்டரி கேட்டுக்குப் போவதை இன்னும் நிறுத்தாத அம்மா, அட்டையிலிருப்பதையாவது வாசிக்கச் சொன்னாள். கிட்டார், டிரம்ஸ், சங்கு உபயம் நிர்வாகம் என்று வாசித்துக்கொண்டே வந்தேன்.

“குரல்: பெயர் தெரியாத பெண்.”

“யாரும்மா அது?” என்றாள் அம்மா.

அடுத்த வரியை நான் வாசிக்கவில்லை. ‘வாசுகி: அவருடைய மௌனத்துக்கு எங்கள் நன்றி.’