அரைக் கிலோமீட்டருக்கு மேல் நடக்கக் கூடாது

அன்புள்ள மாப்பிள்ளை ஜோஷ்வாவுக்கு,

மாமனார் ஏசுபாதம் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உங்கள் அத்தை ஜெசிந்தாவும் சுகம். அங்கே நீங்களும் கவியாவும் சுகமென்று நம்புகிறேன். போனில் பேசினால் உங்கள் அத்தை பிடுங்கிக்கொள்வாள், அதனால்தான் கடிதம்.

எங்கள் மாதா கோயில் ஸ்டாப்பிங் பிழைத்தது! ஒரு மாதத்துக்குப் பிறகு நேற்றுதான் எனக்குச் சோறு இறங்கியது. செங்கல்பட்டு–மாமல்லபுரம் பஸ்ஸுக்கு உங்கள் கம்பெனி கணக்குப் போடுகிறது, நாலு பேர் ஏற பஸ்ஸில் இருக்கும் நாற்பது பேர் காத்திருப்பது நஷ்டம், அந்த ஸ்டாப்பிங்கைத் தூக்கு என்கிறது கம்ப்யூட்டர் என்று நீங்கள் சொன்னதும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. முட்டிவலிக்காரி உங்கள் அத்தை அடுத்த ஸ்டாப்பிங்வரை எப்படி நடப்பாள்? மாமல்லபுரத்து ஓட்டல் சமையல் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் நாள் முழுக்க என்னையல்லவா வறுப்பாள்? அதனால்தான் எந்த ஸ்டாப்பிங்கில் எத்தனை பேர் என்று உங்கள் கம்பெனி ஆள் எண்ணும் வாரத்தில் தெருவையே திரட்டி பஸ் ஏற்றினேன். ஏறுவோம், அடுத்த ஸ்டாப்பிங்கான ஏரிக்கரையில் இறங்குவோம், நடந்து வந்து மறுபடி ஏறுவோம். கண்டக்டர் தாமோதரன், "இன்னா அண்ணாத்த, ஏறிக்கினு எறங்கிக்கினு கீறீங்க, எதுனா வேண்டுதலா?" என்றான். பக்கத்து வீட்டுப் பூபாலனுக்கு வாந்தியே வந்துவிட்டது. இவ்வளவு பாடுபட்டதற்கு உங்கள் கம்ப்யூட்டர் என்ன தீர்ப்புச் சொன்னது? இந்த ஊர்க்காரர்கள் ஏரிக்கரையைத் தாண்டுவதே இல்லை, அதுவரை ஒரு மினி பஸ் விட்டால் போதும் என்றது! "இருந்த பஸ்ஸயும் தொலச்சிட்டு வந்து நிக்கிற. ஒன்னோட பேஜாருயா" என்று உங்கள் அத்தை இரண்டு நாள் என்னை வறுத்தெடுத்தாள்.

நல்லவேளை, நீங்கள் அந்த வாரக் கணக்கைத் தள்ளிவிட்டு, பஸ்ஸுக்காக யாரும் அரைக் கிலோமீட்டருக்கு மேல் நடக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை போட்டீர்களாம். அந்த ஒரே வரியில் கம்ப்யூட்டர் வழிக்கு வந்துவிட்டது. என் வயிற்றில் பால் வார்த்தீர்கள் மாப்பிள்ளை.

ஆண்டவர் உங்களையும் கவியாவையும், கூடவே அந்தக் கம்ப்யூட்டரையும் ஆசீர்வதிப்பாராக.

அன்புடன்,
ஏசுபாதம்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் இது. இன்று காலை ஸ்டாப்பிங்கில் ஈ காக்கை இல்லை. பஸ் நிற்காமலே போனது. ஜன்னலோரத்தில் உங்கள் அத்தை! நான் நடக்கவிட்ட வாரத்தில் தெருவுக்கே நடை பழகிவிட்டதாம். சீட் பிடிக்க, முந்தின பால் சொசைட்டி ஸ்டாப்பிங்குக்கு ஒரு கிலோமீட்டர் நடந்துபோய் ஏறுகிறார்கள். சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்ததும், "முட்டி என்னாச்சு?" என்று கேட்டேன். "ஒக்காந்துகினு போனா வலிக்கல. அதான் நடந்து போறன்" என்கிறாள். மாப்பிள்ளை, அந்தப் பால் சொசைட்டி ஸ்டாப்பிங்கைத் தூக்கிவிட முடியுமா?