பூச்சிப்பிள்ளை புரட்டிய கல்

தாமிரபரணிச் சீமையில் ஒரு மாப்பிள்ளையைப் பூச்சிப்பிள்ளை மாதிரி கதிகலங்க அடித்தவர் வேறு யாரும் இருக்க முடியாது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மாப்பிள்ளை நான்தான். வெள்ளைக்காரன் ஆட்சியில் எங்கள் தாலுகா ஆபீஸ் கச்சேரியில் பக்கத்து மேசைக் குமாஸ்தா அவர். இயற்பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

ஆற்றைக் கண்டால் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக்கொண்டு இறங்கிவிடுவார். கல்லைப் புரட்டி, அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிகளைப் பார்த்து ஆற்றுக்கு மார்க்குப் போடுவார். மூன்று வால் பூச்சி இருந்தால் தண்ணீர் சுத்தம். மணலைக் கோத்துக் கூடு கட்டும் புழு இருந்தால் தேவலை. சிவப்புப் புழு மட்டும் நெளிந்தால் மாடுகூடக் குடிக்கக் கூடாது. பாபநாசம், பச்சையாறு, மணிமுத்தாறு எல்லாம் அவர் நோட்டில் வரிசையாக நிற்கும். "வண்ணார்பேட்டைப் படித்துறையில நம்ம ஆறு ஃபெயில் வே" என்று அவர் சொன்ன அன்று கச்சேரியே அரண்டுபோனது. தலைமைக் குமாஸ்தா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

ஒருநாள் தாசில்தார் ஒரு சிட்டிகை மூக்குப்பொடி கேட்டார். இவர் ஞாபகமில்லாமல் வேறு டப்பாவை நீட்டிவிட்டார். தாசில்தார் மூக்கு வரை கொண்டுபோனது பொடியல்ல. அதற்கு மூன்று வாலும் துடித்துக்கொண்டிருந்தன.

இந்த மனுஷனைப் போய் என் கல்யாணத்துக்குக் கூப்பிட்டேனே, என் புத்தியை என்ன சொல்ல?

பெண் வீடு சிற்றாற்றுப் பக்கம், மலையடிவாரம். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மத்தியானம், வாய்க்கால் தண்ணீரை மூன்று மடிப்புத் துணியில் வடிகட்டி அண்டாவில் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். மருந்துக்கும் ஒரு பூச்சி இல்லை என்று மாமனாருக்கு ஒரே பெருமை. பூச்சிப்பிள்ளை வாய்க்காலில் இறங்கிக் கல்லைப் புரட்டினார்.

"சிவப்புப் புழுவத் தவிர ஒண்ணும் இல்ல வே. மேல ஊர்ல வாந்திபேதின்னு வேற சொல்லுதாவ. இதுல சோறு பொங்கப்படாது."

என்னிடம் சொல்வதாக நினைத்து ஊருக்கே சொன்னார். அதோடு விட்டாரா? அரை மைல் நடந்து, மலையோடைத் தண்ணீரை ஒரு செம்பில் கொண்டுவந்து பந்தல் நடுவில் காட்டினார். உள்ளே பூச்சிகள் நீந்தின.

மாமனாருக்கு முகம் கறுத்துவிட்டது. "பூச்சி நீந்துத தண்ணி ஒசத்தி, எங்க தண்ணி மட்டமா? அவமானப்படுத்தவே ஆளக் கூட்டிட்டு வந்திருக்கியளா? வண்டியப் பூட்டுங்க சம்பந்தி."

என் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். மாடுகளை நுகத்தில் பூட்டவே ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு புழுவால் என் கல்யாணம் நிற்கிறது! பூச்சிப்பிள்ளை எல்லோரும் பார்க்க அந்தச் செம்பை அண்ணாந்து மடமடவென்று குடித்தார். பூச்சியோடு. ஒரு அம்மாள் ஓங்கரித்தாள்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி அடுத்து வந்தது. மணப்பெண்ணே வெளியே வந்தாள். அந்தக் காலத்தில் கல்யாணப்பெண் பந்தலில் வாய் திறப்பதாவது!

"அப்பா, போன வருசம் தம்பி குடிச்சதும் இந்த வாய்க்கால் தண்ணிதான்" என்றாள்.

மாமனார் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மகன் இரண்டே நாள் வாந்திபேதியில் போனதை அதுவரை அந்த வீட்டில் யாரும் பேசியதில்லையாம். மாமனார் எழுந்து, "அண்டாவக் கவுத்துங்கலே. ஓடைக்கு வண்டியக் கொண்டு போங்க" என்றார்.

மறுநாள் மாப்பிள்ளைக்குக் கால் கழுவ வேண்டியவன் பெண்ணின் உடன்பிறந்தான். அந்த மைத்துனன்தான் இல்லையே. பங்காளி ஒருவரை நிறுத்தப் பார்த்தார்கள். "அந்த அண்ணாச்சி கழுவட்டும்" என்று மணப்பெண் உள்ளேயிருந்து சொல்லியனுப்பினாள்.

பூச்சிப்பிள்ளை என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். பாதித் தண்ணீரை என் வேட்டியில் கொட்டினார். மீதியைக் காலில் ஊற்றும்போது அழுதேவிட்டார்.

எனக்கு வாய்த்த ஒரே மச்சான் அவர்தான்.